ஒரு நாள் சிரிக்க 39,000 ரூபாய்: எங்கள் தெருவின் கணக்கு நோட்டு

தீம் பார்க் போவதற்குக் கணக்குப் போட்டதெல்லாம் இங்கே எழுதுகிற விஷயமா என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நிலம், கூலி, வன்கொடுமை வழக்குகள், இடஒதுக்கீடு என்று எழுத வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. ஆனாலும் கடந்த ஓராண்டில் எங்கள் தெருவில் அதிகமாக விவாதிக்கப்பட்டது இந்தக் கணக்குதான். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். அந்த விவாதத்தில் எங்களுக்குத் தெளிவானவை உங்களைப் போன்ற மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

நாங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு காலனியில் வாழும் ஆறு குடும்பங்கள். கட்டட வேலை, நடவு, கம்பெனி ஹவுஸ்கீப்பிங், ஆட்டோ என்று பிழைக்கிறோம். எங்களில் பெரியவர்கள் 16 பேர், பள்ளிப் பிள்ளைகள் 14 பேர், கைக்குழந்தைகள் 2. கடற்கரைச் சாலையில் இருக்கிற ஒரு தீம் பார்க்குக்குக் கோடை விடுமுறையில் ஒரு நாள் எல்லோரும் போய்வருவது என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்தோம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டோம். அதற்கு மூன்று கூட்டம் ஆனது.

"இந்தக் காசுக்கு ஒரு வருசம் டியூஷன் நடத்தலாம்"

முதல் எதிர்ப்பு எங்களுக்குள்ளேயே வந்தது. மாலைநேர வகுப்பை நடத்தும் தோழர் ஒருவர், "உத்தேசமாப் பார்த்தாலே நாற்பதாயிரம் ஆவுது. இந்தக் காசுக்கு ஒரு வருசம் டியூஷன் நடத்தலாம். பிள்ளைங்களுக்கு நோட்டு, கைடு, மின்விளக்கு எல்லாம் வாங்கலாம். ஒரே நாள்ல தண்ணியில கரைக்கணுமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணல் நமக்குச் சொன்னது கற்பி, ஒன்றுசேர், போராடு என்றுதானே, விளையாடு என்று சொல்லவில்லையே என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார்.

பதில் சொன்னவர் எங்கள் தெருவின் மூத்த ஆயா. "நாம எதுக்கெல்லாம் வேன் புடிச்சிருக்கோம், எண்ணிப் பாருங்க. கேசுக்கு கோர்ட்டுக்குப் போவ புடிச்சோம். ஜிஎச்சுக்குப் புடிச்சோம். ஆர்ப்பாட்டத்துக்குப் புடிச்சோம். சாவுக்குப் புடிச்சோம். சிரிக்கிறதுக்கு ஒரு தபா புடிச்சதுண்டா?"

எண்ணிப் பார்த்தோம். ஒரு முறைகூட இல்லை.

ஆயா சொன்னதை உணர்ச்சியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கூட்டத்தில் பேசினோம். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31-வது பிரிவில் சொல்கிறது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது 1992 டிசம்பரில். படிப்பு உரிமை, விளையாட்டு அதற்குப் பிறகு மிச்சமிருந்தால் கிடைக்கும் சலுகை என்று அதில் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு யாரும் "இந்தக் காசுக்கு நோட்டு வாங்கலாமே" என்று சொல்வதில்லை. நம் பிள்ளை மட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பயன் காட்ட வேண்டியிருக்கிறது. டியூஷன் நிதியைத் தொடக்கூடாது, கடன் வாங்கக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அந்தத் தோழரும் ஒப்புக்கொண்டார். கடைசியில் கணக்கு நோட்டை எழுதியவரும் அவர்தான்.

கணக்கு

மாணவர்கள் கேட்பீர்கள் என்பதால் நோட்டில் உள்ளபடியே தருகிறோம்.

நுழைவுக் கட்டணம் வார நாளில் பெரியவருக்கு 900, சிறுவருக்கு 700. சனி, ஞாயிறு இதைவிட அதிகம். 30 டிக்கெட்டுக்கு மேல் சேர்த்து வாங்கினால் 20 விழுக்காடு தள்ளுபடி. முதலில் ஐந்து குடும்பமாக இருந்தபோது 25 பேர்தான் தேறினோம். ஆறாவது குடும்பம் சேர்ந்ததும் கைக்குழந்தைகள் போகச் சரியாக 30 ஆனது. தனித்தனியாகப் போயிருந்தால் 24,600 ரூபாய். சேர்ந்து போனதால் 19,680. மிச்சம் 4,920. ஒன்றுசேர் என்பதற்கு இப்படியும் ஒரு பலன் உண்டு.

- நுழைவுக் கட்டணம் (18 பெரிய டிக்கெட், 12 சிறிய டிக்கெட்): 19,680
- வேன் வாடகை, டீசல், டிரைவர் பேட்டா: 8,500
- மதியச் சாப்பாடு, 30 பேருக்கு தலா 180: 5,400
- தண்ணீரில் இறங்கும் உடை, 24 பேருக்கு தலா 100: 2,400
- லாக்கர், மூன்று: 600
- ஐஸ்கிரீம், டீ, தலா 50: 1,500
- கையிருப்பு: 920
- மொத்தம்: 39,000

குடும்பத்துக்கு 6,500. ஜூலையிலிருந்து ஏப்ரல் வரை பத்து மாதம், மாதம் 650.

பார்க்க அழகாக இருக்கும் இந்தப் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அன்றைக்கு வேலைக்குப் போகாததால் போன கூலி. மாதச் சம்பளக்காரருக்கு இந்த வரி கிடையாது. தினக்கூலிக்குப் போகிறவர்கள் எங்களில் 11 பேர். ஆளுக்கு 500 என்று வைத்தாலும் 5,500. தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது அப்படியே இதில் போய்விட்டது. விடுமுறை என்றால் நமக்கு இரண்டு செலவு. செலவழித்த காசு ஒன்று, சம்பாதிக்காத காசு இன்னொன்று. கூலிக்காரர் குடும்பங்களுக்கு யார் திட்டம் போட்டாலும் இந்த வரியை முதலில் எழுதுங்கள்.

இன்னொரு அளவுகோலையும் சொல்கிறோம். நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளுக்கு 336 ரூபாய். முழுக் கூலியும் கைக்கு வருவதாகவே வைத்துக்கொண்டாலும், ஒருவர் 900 ரூபாய் டிக்கெட் வாங்க கிட்டத்தட்ட மூன்று நாள் மண் வெட்ட வேண்டும். ஒரு குடும்பத்தின் 6,500 ரூபாய்க்கு 19 நாளுக்கு மேல் வெட்ட வேண்டும்.

அதே 650 ரூபாய்

டிசம்பரில் மழை. இரண்டு குடும்பங்களால் இரண்டு தவணை கட்ட முடியவில்லை. அப்போதுதான் கடன் கொடுக்கிறவர் தெருவுக்கு வந்தார். "பிள்ளைங்க ஆசைப்படுது, எதுக்குப் பத்து மாசம் காத்துக் கெடக்குறீங்க, இப்பவே வாங்கிட்டுப் போயிட்டு வாங்க" என்றார். பத்து வட்டி.

நோட்டு எழுதும் தோழர் அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். 6,500 ரூபாய்க்குப் பத்து வட்டி என்றால் மாதம் 650. நாங்கள் சேர்த்துக்கொண்டிருந்த அதே 650. பத்து மாதம் சேர்த்தால் பிள்ளைகள் ஒரு நாள் விளையாடிவிட்டு வருவார்கள், யாருக்கும் பாக்கி இல்லை. கடன் வாங்கிப் போனால் அதே பத்து மாதம் அதே 650 கட்டிய பிறகும் 6,500 அசல் அப்படியே நிற்கும். ஐந்து வட்டி என்றால் மட்டும் என்ன, பத்து மாதத்தில் 3,250 வட்டி, அதாவது பாதி டிக்கெட் கடன்காரருக்கு.

அந்த இரண்டு குடும்பங்களின் தவணையை மற்ற நான்கு குடும்பங்கள் அறுவடைக் கூலி வரும்வரை ஏற்றுக்கொண்டன. வட்டி இல்லை. நோட்டில் பென்சிலால் எழுதி, திருப்பிக் கொடுத்ததும் அழித்துவிட்டார்கள்.

காசு இருந்தால் மட்டும் போதுமா?

கூட்டங்களில் ஒரு தம்பி கேட்ட கேள்வியை இங்கே பேச வேண்டும். "தீம் பார்க்ல யாரும் சாதி கேக்க மாட்டாங்க. டிக்கெட் இருந்தா உள்ள. அப்ப காசுதான விடுதலை?"

பாபாசாகேப் அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோது போன ஒரு விடுமுறைப் பயணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். விசாவுக்காகக் காத்திருத்தல் என்ற தன் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதியிருக்கிறார். 1901-ஆம் ஆண்டு. கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க சதாராவிலிருந்து பிள்ளைகள் ரயிலில் கிளம்புகிறார்கள். புதுச் சட்டை, புதுத் தொப்பி, கையில் காசு. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நிலைய அதிகாரி அன்பாகப் பேசுகிறார், அவர்கள் மகார்கள் என்று தெரிகிற வரைக்கும். பிறகு எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்ற மறுக்கிறார். கடைசியில் இரண்டு மடங்கு கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரர் கூட நடந்து வருவது என்று முடிவாகிறது. கட்டுச்சோறு இருந்தும் வழியில் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாகப் படுக்கிறார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை அது. கையிலிருந்த காசு அவனுக்கு என்ன வாங்கிக் கொடுத்தது? மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கொடுத்து, மற்றவர்களைவிடக் குறைவாகப் பெற்றான்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டத்தில் கேளிக்கைப் பூங்காவுக்கே தனி இடம் உண்டு. 1960-இல் வாஷிங்டன் நகருக்கு அருகே கிளென் எக்கோ என்ற பூங்காவில் வெள்ளையர்களுக்கு மட்டுமே அனுமதி. ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்த குதிரை ராட்டினத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஐந்து பேரைக் கைது செய்தார்கள். போராட்டம் கோடை முழுவதும் நடந்தது. அடுத்த ஆண்டு, 1961-இல், பூங்கா எல்லோருக்கும் திறந்தது. கைது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964-இல் தண்டனை ரத்தானது. போராடியவர்கள் உங்கள் வயது மாணவர்கள். மார்ட்டின் லூதர் கிங் 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்திலும் இப்படி ஒரு பூங்கா வருகிறது. ஃபன்டவுன் என்ற பூங்காவைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்று கேட்கும் ஆறு வயது மகளிடம், கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல வேண்டிய அப்பாவின் நிலையை அதில் அவர் எழுதுகிறார்.

எனவே அந்தத் தம்பிக்கு எங்கள் பதில் இது. இன்று அந்த வாசலில் சாதி கேட்கவில்லை என்றால், அது யாரோ போராடி வாங்கிக் கொடுத்தது. தியேட்டர், ஓட்டல், குளம், பொது இடம் எதிலும் சாதி பார்த்து மறுக்கக் கூடாது என்று 15-வது பிரிவு அரசமைப்புச் சட்டத்தில் இருப்பதால்தான் அந்தக் கவுண்டர் டிக்கெட் கொடுக்கிறது. மீதமிருக்கும் தடை 900 ரூபாய். அந்த 900 யாருக்கு ஒரு மணி நேரச் சம்பளம், யாருக்கு மூன்று நாள் கூலி என்பதை நிலமும் படிப்பும் யாரிடம் இருந்தது என்ற பழைய கணக்குதான் முடிவு செய்கிறது. வாசலில் சாதி கேட்பதில்லை, உண்மைதான். வாசலுக்கு வந்து சேர்வதற்கு முன்பே கேட்டு முடித்துவிடுகிறது.

அளவுகோல்

இதைப் போய்ச் சேர்ந்த முதல் பத்து நிமிடத்தில் பார்த்தோம். தீம் பார்க்கில் சிறுவர் டிக்கெட்டை வயதை வைத்துக் கொடுப்பதில்லை, உயரத்தை வைத்துக் கொடுக்கிறார்கள். சுவரில் கோடு போட்டிருக்கிறது. 140 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரியவர் கட்டணம். எங்கள் பிள்ளைகளில் இருவருக்கு 13, 14 வயது என்பதால் அவர்களைப் பெரிய டிக்கெட்டில் எழுதியிருந்தோம். இருவரும் கோட்டுக்குக் கீழே நின்றார்கள். சிறுவர் டிக்கெட் போதும் என்றார் கவுண்டரில் இருந்தவர். 320 ரூபாய் மிச்சம்.

பையன்கள் சிரித்தார்கள். அவர்களின் அம்மாக்கள் சிரிக்கவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தலித், பழங்குடிக் குழந்தைகளிடம் அது இன்னும் அதிகம். ஐந்து வயதுக்குள் விட்ட வளர்த்தியைப் பின்னால் பிடிப்பது கடினம். அந்த 320 ரூபாயில் மாலை எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கினோம்.

தண்ணீர்

எங்களில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆண்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. நீச்சல் கற்பது கிணற்றிலும் குளத்திலும். ஊர்க் கிணற்றில் எங்களை இறங்க விட்டதில்லை. அதனால் அலைக்குளத்தின் ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சேலையோடு இறங்கக்கூடாது என்பதால் சந்தையில் வாங்கிய நைலான் கால்சட்டையும் டீ சர்ட்டும். முதல் அலை வந்தபோது ஆயா கத்திய கத்தலுக்கு உயிர்காப்பாளர் ஓடி வந்துவிட்டார். பயத்தில் கத்தவில்லை என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளிக் குடித்ததற்காக நம் மக்கள் அடிக்கப்பட்டார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று பிறகு சடங்கு செய்து "சுத்தம்" பண்ணினார்கள். 95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், நூற்றுக்கணக்கான பேர் இறங்கியிருக்கும் ஒரே தண்ணீரில் எங்கள் ஆயா நின்றதை. இதைப் புரட்சி என்று சொல்ல மாட்டோம். காசு கொடுத்து ஆறு மணி நேரத்துக்கு வாங்கிய சமத்துவம் அது. ஆனால் பிள்ளைகள் அதை உடம்பால் அறிந்துகொண்டார்கள். ஊரில் ஒருவர் "தள்ளி நில்லு" என்று சொல்லும்போது, தள்ளி நிற்காத ஒரு நாளும் அவர்கள் நினைவில் இருக்கும்.

சறுக்கு விளையாட்டின் வரிசையில் இன்னொன்று நடந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா எங்கள் ஆறாம் வகுப்புப் பெண்ணிடம் அன்பாகப் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்றார். சொன்னாள். எந்தத் தெரு என்றார். அந்தக் கேள்வி எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அம்பேத்கர் நகர்" என்று சத்தமாகச் சொன்னாள். அந்த அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் மிதவையில் ஏற்றுகிற பையன் வரிசையை நான்கு நான்காக எண்ணி உட்காரவைத்தான். அந்த அம்மாவின் மகனும் எங்கள் மூன்று பிள்ளைகளும் ஒரே மிதவையில் கத்திக்கொண்டே கீழே வந்தார்கள். நான்கு பேர் எண்ணி ஏற்றுகிறவனுக்கு அந்த ஒரு கணக்குதான் தெரியும்.

நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள்

உங்கள் பகுதியில் இப்படி ஒன்று செய்தால் உதவும் என்று எங்கள் விதிகளைச் சொல்கிறோம்.

ஒன்று, "எனக்கு வேண்டாம், பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுங்க" என்று எந்த அம்மாவும் சொல்லக்கூடாது. சாப்பாடும் ஐஸ்கிரீமும் 30 பேருக்கும் கணக்கில் எழுதியாகிவிட்டது. மறுத்தாலும் காசு திரும்பக் கிடைக்காது என்று அறிவித்துவிட்டோம். அப்படிச் சொன்ன பிறகுதான் வாங்கிச் சாப்பிட்டார்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காலை இட்லியை வேனிலேயே முடித்துக்கொண்டோம்.

இரண்டு, கணக்கு நோட்டு எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். மாதக் கடைசியில் ஒரு பிள்ளை அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பத்து மாதம் முடிந்தபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விழுக்காடும் வட்டியும் தண்ணீர்பட்ட பாடு.

மூன்று, உள்ளே துப்புரவு வேலை செய்பவர்களுக்கு முதல் வணக்கம். கழிவறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அக்கா எங்கள் பேச்சைக் கேட்டு ஊர் விசாரித்தார். பக்கத்து ஊர்க்காரர். ஒரு வருடமாக அங்கே வேலை செய்கிறார். ஒரு ராட்டினத்திலும் ஏறியதில்லை என்றார்.

அடுத்த கணக்கு அரசிடம்

வீட்டு நோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். 2010-இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு நிதியிலிருந்து 678 கோடி ரூபாய்க்கு மேல் அந்தப் போட்டி தொடர்பான வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டதைத் தலித் அமைப்புகள் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிக்கொண்டு வந்தன. அது தவறு என்று உள்துறை அமைச்சரே மாநிலங்களவையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பிள்ளைகள் விளையாடக் காசில்லை என்கிற நாட்டில், நம் காசில் வேறு யாரோ விளையாடினார்கள்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்களுக்கு அருகிலிருக்கும் ஆதிதிராவிடர் நல விடுதியையோ பள்ளியையோ எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் சென்றார்களா, எங்கே, எத்தனை பேரை, அதற்கும் விளையாட்டுப் பொருட்களுக்கும் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வந்ததும், வராவிட்டாலும், எங்களுக்கு எழுதுங்கள். எங்கள் ஒன்றியத்தில் இரண்டு விடுதிகளுக்கு மனுவை அனுப்பிவிட்டோம்.

தெருவில் புது நோட்டு போட்டாகிவிட்டது. இந்த முறை எட்டுக் குடும்பம், மாதம் 700. எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகள் மறுபடியும் அதே பூங்கா என்கிறார்கள். ஆயா ரயிலில் தூரமாக எங்காவது போகவேண்டும் என்கிறார். அடுத்த ஞாயிறு கூட்டம்.

ஜெய்பீம்.